தரங்கம்பாடிப் பதிவேடும் நம் வாசல் பிள்ளைகளும்

(நமது சங்கம் நடத்திய ஆசிரியர் நாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம், "சார், ஆசிரியர் நாளுக்கு ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தின் வரலாற்றைப் பேசுங்கள், பேங்க் கதை மட்டும் வேண்டாம்" என்றார். முக்கால் பங்கு அவர் சொன்னபடி பேசுகிறேன். மீதிக் கால் பங்கில் கணக்கு வரும். அதற்கு மன்னிக்க வேண்டும், முப்பது வருடத்துக்கு மேல் பேரேடு எழுதிய கை.

நம்மில் பலர் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போய் வந்திருக்கிறோம். கோயிலில் மாலை மாற்றி, சாப்பிட்டு முடித்ததும் டிரைவர், "பக்கத்துலதான் தரங்கம்பாடி, கோட்டையைப் பாத்துட்டுப் போயிடலாம்" என்பார். கோட்டையைப் பார்க்கிறோம், கடற்கரையில் படம் எடுத்துக்கொள்கிறோம், வேனில் ஏறிவிடுகிறோம். அந்தச் சிறிய கடலோர ஊரில் நடந்த பள்ளிக்கூடத்தின் கதை பலருக்குத் தெரியாது. பெரம்பலூர், அரியலூர்க்காரர்களான நமக்கு அந்தக் கதையில் பங்கு உண்டு.

தரங்கம்பாடியை டென்மார்க் நாட்டார் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் செய்து பெற்றது 1620ஆம் ஆண்டு. வந்தது வியாபாரத்துக்கு. நாம் பார்க்கும் டேனிஷ் கோட்டை அப்போது எழுந்தது. 86 ஆண்டு கழித்து, 1706 ஜூலை 9ஆம் தேதி, இரண்டு இளைஞர்கள் அங்கே கப்பலில் வந்து இறங்கினார்கள். சீகன்பால்கு, புளூட்சோ என்று பெயர். இருவரும் ஜெர்மானியர்கள். அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக். சமயம் பரப்பத்தான் வந்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஊர்க்காரரிடம் பேச வேண்டுமானால் முதலில் தமிழ் தெரிய வேண்டுமே!

அதற்கு அவர்கள் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. வயதான ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரைப் பிடித்தார்கள். அவர் தம் பள்ளிக்கூடத்தையே இவர்கள் வீட்டுக்கு மாற்றிக்கொண்டார். 24 வயது சீகன்பால்கு, ஊர்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி அ, ஆ படித்தார். ஆக, தரங்கம்பாடிப் பள்ளிக்கூடத்தின் கதையில் முதல் ஆசிரியர் நம் ஊர்த் திண்ணை வாத்தியார். முதல் மாணவர் ஜெர்மன்காரர். ஆசிரியர் நாளில் முதல் வணக்கம் அந்த வாத்தியாருக்குப் போக வேண்டும்.

அடுத்த ஆண்டே, 1707இல், அவர்கள் பள்ளிகளைத் தொடங்கிவிட்டார்கள். பெண் குழந்தைகளுக்கும் தனியாக ஒரு பள்ளி. இந்தியாவில் பெண்களுக்கென்று நடந்த மிகப் பழைய பள்ளிகளில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் துணியும் கொடுத்து, தங்க இடமும் கொடுத்துப் படிக்க வைத்தார்கள். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை அன்றைக்கே தெரிந்து வைத்திருந்தார்கள்.

வழி சுலபமாக இல்லை. டேனிஷ் தளபதியோடு தகராறு ஏற்பட்டு சீகன்பால்கு நான்கு மாதம் சிறையில் இருந்தார். வெளியே வந்தும் வேலையை விடவில்லை. லண்டனில் இருந்த ஒரு கிறிஸ்தவ சங்கம் அச்சு இயந்திரம் அனுப்பியது. ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பினார்கள். 1713 முதல் தரங்கம்பாடியில் தமிழ் அச்சேறியது. வந்த எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் நிறையச் செலவானது. உடனே சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். காகிதமே போதவில்லை என்றதும் பக்கத்தில் பொறையாறில் காகிதப் பட்டறை வைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்று அந்தப் பக்கம் இன்றும் ஓர் இடத்துக்குப் பெயர் இருக்கிறது. 1716இல் உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் உருவாக்க ஒரு பயிற்சிப் பள்ளி வந்தது. 1719இல் சீகன்பால்கு இறந்தபோது வயது 36. தமிழ்நாட்டில் அவர் இருந்த காலம் பதின்மூன்று ஆண்டுகூட நிறைவாக இல்லை. அதற்குள் பள்ளி, புத்தகம், அச்சகம், காகிதம், ஆசிரியர் பயிற்சி என்று ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய எல்லாவற்றுக்கும் அடி போட்டாயிற்று.

இப்போது அந்தக் கால் பங்குக்கு வருகிறேன். இதற்கெல்லாம் பணம்? டென்மார்க் அரசர் கொடுத்தார், ஆனால் அது போதவில்லை. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் இருந்த நன்கொடையாளர்கள் கொடுத்தார்கள். தரங்கம்பாடியைக் கண்ணால் பார்க்காதவர்கள் ஏன் கொடுத்தார்கள்? இங்கிருந்து கடிதமும் அறிக்கையும் போய்க்கொண்டே இருந்தன. பள்ளியில் எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறார்கள், என்ன செலவு என்று எழுதினார்கள். 1710 முதல் ஹாலேயில் அவற்றை அச்சிட்டு வெளியிட்டார்கள். கப்பல் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும் காலம் அது. கணக்கு ஒழுங்காகப் போனது, பணம் ஒழுங்காக வந்தது. இன்றைக்கு நாம் அந்தப் பள்ளியைப் பற்றிப் பேச முடிவதும் அந்தக் கணக்கும் கடிதமும் மிஞ்சியதால்தான். தங்கள் பிள்ளைகளின் பெயரை எழுதி வைக்காத எத்தனையோ திண்ணைப் பள்ளிகள் சுவடில்லாமல் போய்விட்டன.

இதே காலத்தில் நம் மாவட்டத்திலும் ஒருவர் தமிழ் படித்துக்கொண்டிருந்தார். கொள்ளிடக்கரை ஏலாக்குறிச்சி எல்லோருக்கும் தெரியும், அடைக்கல மாதா கோயில். அங்கே இருந்தவர் இத்தாலிக்காரரான வீரமாமுனிவர். அவர் கத்தோலிக்கர், தரங்கம்பாடிக்காரர்கள் லுத்தரன்கள். இரண்டு தரப்புக்கும் ஆகவே ஆகாது, ஒருவரை ஒருவர் மறுத்துப் புத்தகமே எழுதினார்கள். ஆனால் அந்தப் போட்டியில் லாபம் தமிழ் படிக்கும் பிள்ளைக்கு. வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதி தந்தார். சொற்களை அகர வரிசையில் தேடும் வழக்கத்துக்கு அது வழி செய்தது. எ-ஏ, ஒ-ஓ எழுத்துகளைக் குழப்பமில்லாமல் எழுத அவர் செய்த திருத்தத்தைத்தான் நம் பேரப்பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் எழுதிப் பழகுகிறார்கள்.

தரங்கம்பாடிக் கதையில் பெருமைப்பட முடியாத பக்கமும் உண்டு. எல்லாரும் கடவுளின் பிள்ளைகள் என்று பாடம் நடத்திய அதே ஊரில், 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள் சாதிப்படி தனித்தனியாக உட்கார்ந்தார்கள். உள்ளே வர அனுமதிப்பது ஒன்று, பக்கத்தில் உட்கார இடம் கொடுப்பது வேறொன்று.

நூறு ஆண்டு கழித்து அங்கே ஜான் என்று ஒரு பாதிரியார் இருந்தார். முதுமையில் பார்வை மங்கிய நிலையிலும் சுற்றுவட்டாரத்தில் 15 தமிழ்ப் பள்ளிகளும் 5 ஆங்கிலப் பள்ளிகளும் இலவசமாக நடத்திக் காட்டி, அந்த அனுபவத்தை எழுதினார். அது 1813இல் புத்தகமாக வந்தது. ஆனால் காலம் சரியில்லை. ஐரோப்பாவில் நெப்போலியன் போர். 1808இல் ஆங்கிலேயர் தரங்கம்பாடியைப் பிடித்து 1815 வரை வைத்திருந்தார்கள். வெளியூர்ப் பணம் சுருங்கியது. 1845இல் டென்மார்க் அரசு ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டது. வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து விலை பன்னிரண்டரை லட்ச ரூபாய். பிறகு ரயில் 1861இல் நாகப்பட்டினத்துக்கு வந்தது, வியாபாரம் அந்தப் பக்கம் போனது. தரங்கம்பாடிக்கு மயிலாடுதுறையிலிருந்து ஒரு கிளைப்பாதை 1926இல்தான் வந்தது, அதையும் 1986இல் மூடிவிட்டார்கள். மிஷன் நிர்வாகமும் டேனிஷ், லைப்சிக், ஸ்வீடன், பிறகு நம் நாட்டுத் திருச்சபை என்று கைமாறிக்கொண்டே வந்தது.

ஊர் சுருங்கினாலும் அங்கே பயிற்சி பெற்றவர்கள் சுருங்கவில்லை. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த சுவார்ட்ஸ் பாதிரியார் 1762இல் திருச்சிக்குப் போனார். அங்கே வெடிமருந்துக் கிடங்கு வெடித்து, பெற்றோரை இழந்து நின்ற பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். திருச்சி வெஸ்ட்ரி பள்ளியின் வேர் அதுதான். இன்னொரு கடலோர ஊரான நாகப்பட்டினத்தில் 1844இல் யேசு சபையினர் தொடங்கிய புனித வளனார் கல்லூரி 1883இல் திருச்சிக்கே இடம் மாறியது. அந்தக் காலத்தில் பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி ஜில்லாவில் இருந்த ஊர்கள். மேலே படிக்க ஆசைப்பட்ட நம் தாத்தாக்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனதும், சத்திரத்திலும் விடுதியிலும் தங்கியதும் திருச்சியில்தான். கடலோரத்தில் ஏற்றிய விளக்கு இப்படித் திருச்சி வழியாக நமக்கு வந்தது.

வந்தது யாருக்கு? அதுதான் கேள்வி. 1822இல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ, மாகாணம் முழுக்க எத்தனை பள்ளிகள் என்று கணக்கெடுக்கச் சொன்னார். வந்த கணக்கு: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண் குழந்தைகள் 4,540. நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை. வீட்டிலேயே படித்தவர்கள் இதில் சேரவில்லை, ஆனாலும் படம் தெளிவு. கணக்கில் வந்த எண்ணிக்கையைப் பார்த்துப் பெருமைப்படுவது ஒரு வகை. கணக்கில் வராதவர் யார் என்று பார்ப்பது இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை ஆள், பேலன்ஸ் இடித்தால் வீட்டுக்குப் போக முடியாத வேலை பார்த்தவன்.

உயர்நிலைப் பள்ளிக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? எஸ்.எஸ்.எல்.சி. என்ற தேர்வு நம் மாகாணத்தில் 1911இல் வந்தது. அதிலிருந்து அந்தச் சான்றிதழ் புத்தகம் நம் குடும்பங்களின் விதியை எழுதியது. வேலைக்கு அதுதான் முதல் தகுதி. பிறந்த தேதிக்கும் அதுதான் ஆதாரம். கவுண்ட்டருக்கு வந்த எத்தனையோ பெரியவர்களிடம் "பிறந்த தேதி?" என்று கேட்டால், "அந்தப் பெருமழை பெஞ்ச வருஷம் சாமி" என்பார்கள். எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் ஏறாத பெயர் எந்த அலுவலகத்திலும் லேசில் ஏறாது. இந்த அரங்கில் இருக்கும் நம்மில் அநேகமாக எல்லாரும் அந்த ஒரு புத்தகத்தின் புண்ணியத்தில் இங்கே வீடு வாங்கியவர்கள்.

அந்தப் புத்தகம் எளியவர் கைக்கும் வந்தது காமராசர் காலத்தில். ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்பது கணக்கு. 1956இல் மதிய உணவு. பள்ளிச் சம்பளமும் படிப்படியாகப் போயிற்று. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவு, பிறகு சைக்கிள், பஸ் பாஸ், 2022இல் காலை உணவு. தரங்கம்பாடியில் சில பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்துச் செய்ததை அரசு லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் செய்தது. சைக்கிள் கொடுத்தது சும்மா இல்லை. அரியலூர்ப் பக்கம் சிமென்ட் லாரி ஓடும் சாலையில் ஐந்து மைல் போய்வர வேண்டிய பெண் பிள்ளையின் அம்மாவைக் கேளுங்கள், பள்ளிக்கூடத்தின் தூரம் என்றால் என்ன என்று சொல்வார்.

பலன் கண்கூடு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் இரண்டு மாவட்டங்களிலும் எழுதப் படிக்கத் தெரிந்தவர் விகிதம் மாநிலச் சராசரியை விடக் குறைவு. 2023 பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநிலத்தில் முதல் இடம் பெரம்பலூர், 97.67 சதவீதம். 2024இல் முதல் இடம் அரியலூர், 97.31. 2025 பிளஸ் டூவில் மறுபடி அரியலூர் முதலிடம், 98.82. நம் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் எத்தனை முறை கை தட்டினாலும் தகும்.

(கை தட்டல்)

தட்டிய கையோடு ஒன்று யோசிப்போம். தேர்ச்சி சதவீதம் என்பது தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பது. எட்டாம் வகுப்போடு நின்ற பிள்ளை அதில் தோல்வியாகக்கூட வருவதில்லை, அந்தக் கணக்கிலேயே இல்லை. 2009 கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். ஒன்பதாம் வகுப்பில் வேலி முடிந்துவிடுகிறது. அங்கேதான் பிள்ளைகள் நழுவுகிறார்கள். பருத்தி எடுப்புக்கும் மக்காச்சோள அறுப்புக்கும் நாலு நாள் நிற்கும் பிள்ளை, நாற்பது நாள் நின்று, பிறகு நின்றேவிடுகிறது.

தூரம் போக வேண்டாம். நம் கேட்டிலேயே இருக்கிறார்கள். இரவுக் காவலரின் மகள் ஒன்பதாம் வகுப்பு. நம் வீடுகளில் வேலை செய்யும் அம்மாக்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். பக்கத்து மனையில் கட்டடம் கட்டும் வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தமிழ் எழுத்தே புதிது. பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கும் மாலையில் உட்கார்ந்து படிக்க வெளிச்சமும் இடமும் இல்லை. சந்தேகம் கேட்க ஆளும் இல்லை. நம் பிள்ளைகளுக்கு டியூஷன் இருக்கிறது.

அதனால் ஒரு கோரிக்கை வைக்கிறேன். இந்த ஹாலை வார நாட்களில் மாலை 6 மணி முதல் 8 மணி வரை அந்தப் பிள்ளைகள் படிக்கத் திறந்துவிட வேண்டும். இன்று பொன்னாடை வாங்கிய ஆசிரியர்களில் மூன்று பேர் முறை வைத்து வருவதாகச் சொல்லிவிட்டார்கள். கணக்கும் வணிகவியலும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இது காதில் விழுந்ததும் சிலருக்குச் சங்கடம் இருக்கிறது. நியாயமான கேள்விகள்தான், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது செலவு. 20 வாட் டியூப்லைட் நான்கு, 75 வாட் ஃபேன் நான்கு, தினம் இரண்டு மணி நேரம். மாதத்துக்கு 25 நாள் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 19 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்றால் 190 ரூபாய். போன விழாவில் நாம் வாங்கிய பூவின் விலை இதைவிட அதிகம்.

இரண்டாவது, சத்தம். எட்டு மணிக்கு முடிந்துவிடும். பிறந்தநாள் விழா ஸ்பீக்கரைத் தாங்கும் இந்த ஹால் வாய்ப்பாட்டைத் தாங்கும்.

மூன்றாவது, வெளியாட்கள் உள்ளே வருவது. இதற்குத்தான் ஒரு பதிவேடு கேட்கிறேன். பெயர், பிறந்த தேதி, பள்ளி, வகுப்பு, பெற்றோர் தொலைபேசி எண், வந்த நாள், வராத நாள். ஒரு பிள்ளை மூன்று நாள் தொடர்ந்து வரவில்லை என்றால் ஒருவர் போய்ப் பார்த்து விசாரிக்க வேண்டும். பாதுகாப்புக்கும் அது உதவும், பிள்ளைக்கும் உதவும். மாதம் ஒரு முறை எத்தனை பேர் வந்தார்கள், என்ன செலவு என்று இந்தக் காலாண்டிதழில் போடுவோம். தரங்கம்பாடியிலிருந்து கப்பலில் கணக்கு அனுப்பினார்கள், நமக்கு வாட்ஸ்அப் குழுவே இருக்கிறது.

நான்காவதாக ஒன்றை யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். நம் பிள்ளைகள் அவர்களோடு உட்காரலாமா என்பது அது. உட்காரட்டும். நம் வீட்டுப் பிள்ளைகளும் ஆறு மணிக்கு நோட்டுப் புத்தகத்தோடு இதே பாயில் வந்து உட்காரட்டும். சீகன்பால்கு கடல் தாண்டி வந்து மணலில் உட்கார்ந்தார், நம் பிள்ளைகள் லிஃப்டில் இறங்கி வந்தால் போதும்.

கூடவே பெரிய பிள்ளைகளுக்கு ஒரு வேலை. நம் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் முறைப்படி அனுமதி கேட்டு, பள்ளி எந்த ஆண்டு தொடங்கியது, முதல் பதிவேட்டில் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை, முதன்முதலாகப் பத்தாவது முடித்த பெண் எந்த ஆண்டு என்று கேட்டு எழுதி வாருங்கள். போர்டு ஸ்கூலில் படித்த தாத்தா பாட்டிகள் நம் பிளாக்குகளிலேயே இருக்கிறார்கள், அவர்களிடமும் கேளுங்கள். அடுத்த இதழில் அதைப் போடுவோம். தரங்கம்பாடியின் வரலாற்றை ஜெர்மனியில் பத்திரப்படுத்தி வைத்தார்கள். நம் பள்ளியின் வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும்.

மாலை வகுப்புக் கோரிக்கையை அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாக வைக்கிறேன். எதிர்த்து ஓட்டுப் போட நினைப்பவர்கள் அதற்கு முன் ஒரு நாள் மாலை ஏழு மணிக்குக் காவலர் அறைப் பக்கம் போய்விட்டு வாருங்கள். கேட் விளக்கு வெளிச்சத்தில் ஒரு பெண் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். கார் வரும்போதெல்லாம் எழுந்து நிற்பாள்.

டிபன் தயார் என்று செயலாளர் சைகை காட்டுகிறார்.